இன்னொருவர் போட்ட கோடு

பழைய புத்தகக் கடையில் ஒரு நாவலைக் கையில் எடுத்தால், விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கங்களை விரலால் விசிறிவிட்டு, யாராவது பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன். போட்டிருந்தால் வாங்கிவிடுவேன். அதே நாவலின் புதுப் பிரதி வீட்டு அலமாரியில் இருந்தாலும் வாங்குவேன். திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளில் கோடு போட்ட பிரதிக்கு விலையைக் குறைத்துச் சொல்வார்கள். எனக்கோ அந்தக் கோடுகளுக்காகவே கூடக் கொடுக்கலாம் என்று தோன்றும். முகம் தெரியாத ஒருவர் எந்த வரியில் மூச்சை நிறுத்தினார் என்பது அதில் இருக்கிறது. நான் சாதாரணமாகக் கடந்து போன பத்தியின் ஓரத்தில் ‘உண்மை’ என்று ஒற்றைச் சொல் எழுதியிருப்பார். திரும்பிப் போய் அந்தப் பத்தியைப் படிப்பேன். பல நேரங்களில் அவர் சொன்னது சரியாக இருக்கும்.

வாசிப்பில் எனக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. முன்னுரையைக் கடைசியில்தான் படிப்பேன். நம் பதிப்புகளில் முன்னுரை எழுதுபவர்கள் அன்பு மிகுதியால் கதை முழுவதையும் சொல்லிவிடுகிறார்கள். நாவலின் முதல் பக்கத்தைக் கடையிலேயே நின்றபடி படித்துவிட வேண்டும். அது என்னை இரண்டாம் பக்கத்துக்கு இழுக்கவில்லை என்றால் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் திரும்ப வைத்துவிடுவேன். ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கும்போது இந்தப் பிடிவாதம் கூட்டத்தில் நிற்பவர்களுக்குத் தொந்தரவாக இருந்தாலும் விடுவதில்லை. இருநூறு பக்கத்துக்குள் முடிகிற நாவல்கள் மீது எனக்குத் தனிப் பிரியம். பெருநாவல்களைப் படிக்காமல் இல்லை. ஆனால் மறுபடி மறுபடி கை நீளுவது அசோகமித்திரனை நோக்கியும் பூமணியை நோக்கியும்தான். புதிதாகப் படிப்பதைவிட இரண்டாம் முறை படிப்பதில் எனக்குக் கிடைப்பது அதிகம். கதை என்ன ஆகும் என்ற பரபரப்பு போன பிறகு வாக்கியங்கள் தெரிய ஆரம்பிக்கின்றன.

என் வாசிப்பு தொடங்கியது அம்மா சேர்த்து வைத்திருந்த பைண்டிங் தொகுப்புகளில். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையின் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, பைண்டரிடம் கொடுத்துத் தைத்து, முதுகில் துணி ஒட்டி வாங்கி வைக்கும் பழக்கம் அந்தத் தலைமுறை வீடுகளில் சாதாரணம். அந்தத் தொகுப்புகளுக்கு ஒரு தனி மணம் உண்டு. பசையும் பழைய தாளும் கலந்த மணம். அத்தியாயம் முடிகிற பக்கத்தின் மறுபுறத்தில் வேறொரு கதையின் நடுப்பகுதி இருக்கும். அதற்கு முதலும் கிடையாது, முடிவும் கிடையாது. அந்தப் பாதிக் கதைகளைக்கூட நான் விடாமல் படித்திருக்கிறேன். பைண்டர் ஓரத்தை வெட்டும்போது சில வரிகளின் கடைசி எழுத்துகள் போயிருக்கும். அவற்றை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

அந்தத் தொகுப்புகளில் எழுத்துக்குச் சமமாக ஓவியமும் இருந்தது. இதை நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு நாவல் திரைப்படமாகும்போதெல்லாம், ‘நான் மனத்தில் வைத்திருந்த முகம் போய்விட்டது’ என்று வாசகர்கள் வருத்தப்படுகிறார்கள். தொடர்கதை வழியாக நாவலுக்குள் வந்த தமிழ் வாசகருக்கு அந்த முகத்தை முதலிலேயே ஓவியர் கொடுத்துவிட்டார். ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் கல்கி இதழில் தொடங்கியபோதே மணியத்தின் வந்தியத்தேவன் குதிரையில் வந்துவிட்டான். நந்தினியின் கொண்டையை மணியம் போட்ட பிறகுதான் வாசகர்கள் மனத்தில் முடிந்துகொண்டார்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ ஆனந்த விகடனில் வந்தபோது சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் மோகனாவுக்கும் கோபுலுவின் கோடுகள் உடம்பு கொடுத்தன. ஆகவே நடிகரின் முகம் என் கற்பனையைக் களவாடிவிட்டது என்ற குறை எனக்கு ஒருபோதும் வந்ததில்லை. ஓவியர் கொடுத்த முகத்தோடு நடிகரின் முகமும் சேர்ந்துகொள்கிறது. இரண்டுக்கும் மனத்தில் இடம் இருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் கல்கியின் ‘தியாக பூமி’ இருக்கிறது. 1939இல் கே. சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தபோதே ஆனந்த விகடனில் அது தொடராக வந்தது. ஓவியருக்குப் பதிலாகப் படத்தின் புகைப்படங்களையே கதைக்கு நடுவே அச்சிட்டார்கள். பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாக நடித்தார். வாசகர்கள் அவர் முகத்தை வைத்தே சாஸ்திரியைப் படித்தார்கள். பிற்பாடு ஆங்கிலேய அரசு அந்தப் படத்தைத் தடை செய்தது தனிக் கதை. நாவல் முந்தியதா, படம் முந்தியதா என்ற சண்டைக்கே அங்கே இடமில்லை.

முகம் பிரச்சினை இல்லையென்றால், ஒரு நாவலைத் தழுவிய படத்தில் நான் எதைத் தேடுகிறேன்? கோட்டைத்தான் தேடுகிறேன். இயக்குநரும் ஒரு வாசகர். ஏதோ ஓர் இரவில் அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தவர் ஏதோ ஓர் இடத்தில் பென்சிலை எடுத்திருக்கிறார். அந்த இடம் எது என்று தெரிந்துவிட்டால் எனக்குப் படம் புரிந்துவிடும். எதையெல்லாம் விட்டார் என்ற கணக்கு பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோடே போடாமல் எல்லாப் பக்கத்தையும் படமாக்கியவர்களிடம்தான் எனக்கு மனத்தாங்கல்.

‘தில்லானா மோகனாம்பாள்’ நாவலில் கொத்தமங்கலம் சுப்பு எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசுவார். வண்டிப் பயணம் என்றால் வண்டிக்காரரின் குடும்பக் கதையும் வரும். அந்தப் பேச்சுதான் நாவலின் சுகம். 1968இல் ஏ.பி. நாகராஜன் அந்தப் பேச்சில் பெரும் பகுதியை விட்டார். அவர் கோடு போட்டது, இரண்டு கலைஞர்களின் செருக்கு காதலாக மாறுகிற இடத்தில். ‘நலந்தானா’ பாட்டுக் காட்சியை நினைத்துப் பாருங்கள். காயம் பட்டு எழுந்து வந்த நாதஸ்வரக்காரர் மேடையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நேராகப் போய் உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்க மோகனாவுக்கு வழியில்லை. நூற்றுக்கணக்கான பேர் பார்க்க, ஆட்டத்துக்குள் வைத்து அதைக் கேட்கிறாள். சபைக்கு அது நாட்டியம். அவருக்கு மட்டும் அது விசாரிப்பு. பத்மினியின் கண்ணும் சிவாஜியின் உதடும் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. பின்னால் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நாவலில் பல அத்தியாயங்களில் பரவிக் கிடக்கும் தவிப்பை ஒரே பாட்டுக்குள் கொண்டு வந்துவிட்டார்கள். சுப்புவின் பேச்சு எனக்கு வேண்டும் என்றால் பைண்டிங் தொகுப்பு இருக்கவே இருக்கிறது.

கோடு போடுவதில் மகேந்திரன் எல்லோரையும்விடத் துணிச்சலானவர். உமாசந்திரனின் ‘முள்ளும் மலரும்’ கல்கியின் வெள்ளி விழா நாவல் போட்டியில் பரிசு பெற்ற கதை. மகேந்திரன் அதிலிருந்து எடுத்துக்கொண்டது விஞ்ச் ஆபரேட்டர் காளியையும் அவன் தங்கையையும் அவன் இழந்த கையையும்தான். மீதியைத் தானே எழுதிக்கொண்டார். 1978இல் வந்த அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில், தங்கையின் கையைப் பிடித்து இன்ஜினியரிடம் கூட்டிக்கொண்டு போகும் காளி, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான். பாசம் ஜெயித்ததும் பகையும் கரைந்துவிட வேண்டும் என்பது நம் சினிமாவின் நெடுநாள் விதி. மகேந்திரன் அதைக் கேட்கவில்லை. மனிதர்களை நிறையப் படித்தவரால்தான் அந்த வசனத்தை எழுத முடியும்.

மறு ஆண்டே ‘உதிரிப்பூக்கள்’. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யின் சாயலில் எடுத்தது என்று சொல்வதுண்டு, ‘சிற்றன்னை’யைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். தாயற்ற குழந்தைகள் என்ற ஒரே ஒரு வேதனையை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு கிராமத்தையும் ஓர் ஆற்றையும் ஒரு கொடியவனையும் கொடுத்தார். ஆனாலும் புதுமைப்பித்தனுக்குக் கடன் பட்டதாகவே அவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது பெரிய பண்பாகப் படுகிறது. ஒரு கதையிலிருந்து ஒரு துளிதான் எடுத்தேன், ஆனாலும் அது அவருடைய துளி என்று சொல்கிற நேர்மை.

ஜெயகாந்தன் விஷயம் வேறு மாதிரி. ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் விகடனில் வந்தபோது, கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்கிற முடிவை வாசகர்கள் பலரால் தாங்க முடியவில்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல் பிறந்தது. அதில் கங்கா, தன் வாழ்க்கையைப் போன்ற ஒரு கதையைப் பத்திரிகையில் படிக்கிறாள். தன் கதைக்கு வேறொரு முடிவு சாத்தியமாக இருந்தது என்று தெரிந்துகொள்கிறாள். ஒரு வாசகி தன் வாழ்க்கையையே இன்னொருவர் எழுத்தில் சந்திக்கும் இந்த இடத்தைப் போல வாசிப்பைப் பற்றி எழுதப்பட்ட இடம் தமிழ் நாவலில் எனக்குத் தெரிந்து குறைவு. ஏ. பீம்சிங் இயக்கிய படத்துக்குத் திரைக்கதையும் வசனமும் ஜெயகாந்தனே எழுதினார். லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. கங்கா படிக்கும் அந்தக் கதையை எழுதிய ஆர்.கே.வி.யாக நாகேஷ் வருகிறார். சிரிக்க வைக்காத நாகேஷ். ‘கண்டதைச் சொல்லுகிறேன்’ பாட்டையும் ஜெயகாந்தனே எழுத, எம்.எஸ். விஸ்வநாதன் பாடினார். எழுதியவரே படத்துக்குள் வந்துவிட்டால் புதுக் கோட்டுக்கு இடமில்லாமல் போய்விடும் என்று எனக்கு ஒரு பயம் உண்டு. இந்தப் படத்தில் அந்தக் கோட்டை லட்சுமி போட்டார். கங்காவின் வெடுக்கென்ற பேச்சுக்கு அடியில் எவ்வளவு களைப்பு இருக்கிறது என்பதை நான் நாவலில் படித்து அறிந்ததைவிட அவர் நடையில் பார்த்து அறிந்தது அதிகம்.

என்னை அதிகம் அலைக்கழித்த ஜோடி ‘வெக்கை’யும் ‘அசுரனு’ம். பூமணியின் நாவல் 1982இல் வந்தது. பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணன் சாவுக்குக் காரணமான வடக்கூரானை வெட்டுவதில் தொடங்குகிறது. கையை மட்டும் எடுப்பதுதான் அவன் திட்டம், ஆளே போய்விடுகிறது. அதன்பின் அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் கரட்டிலும் மறைந்து திரிகிற சில நாட்கள்தான் நாவல். அந்த நாட்களில் என்ன நடக்கிறது? சோறு பொங்குகிறார்கள். தண்ணீர் தேடுகிறார்கள். எந்த மரத்தடியில் படுக்கலாம், எந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் இருக்காது என்று அப்பா சொல்லிக் கொடுக்கிறார். கொலைக்குப் பிறகு இந்த இருவருக்கும் நடுவே இதற்கு முன் இல்லாத ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது. அப்பா மகனைத் திட்டவில்லை; பாராட்டவும் இல்லை. அவனுக்குப் பசிக்குமே என்று பார்க்கிறார். ஒரு கொலையைப் பற்றிய நாவலில் அடுப்பு மூட்டுவதைப் பற்றி இவ்வளவு எழுதலாம் என்று பூமணிக்கு யார் சொன்னது? படிக்கும்போது எனக்குக் கண் கலங்குவது வெட்டு விழும் இடத்தில் இல்லை. மகன் தூங்கும்போது அப்பா விழித்திருக்கும் இடங்களில்தான்.

2019இல் வெற்றிமாறன் ‘அசுரன்’ எடுத்தபோது மையம் மகனிடமிருந்து அப்பாவுக்கு நகர்ந்துவிட்டது. தனுஷின் சிவசாமிக்குப் பெரிய முன்கதை வந்தது. தலித்துகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் வந்தது, செருப்பு போட்டுக்கொண்டு நடந்ததற்காக ஒரு பெண் படும் அவமானம் வந்தது, எரிகிற குடிசைகள் வந்தன. நாவலின் வாசகர்கள் பலர் இதை ஏற்கவில்லை. எனக்கு அந்தக் கோடு எங்கே விழுந்தது என்பது தெளிவாகத் தெரிகிறது. இவ்வளவு நிதானம் இந்த அப்பாவுக்கு எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் வெற்றிமாறன் நின்றிருக்கிறார். நானும் அதே இடத்தில் நின்றிருக்கிறேன். அவர் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் எழுதினார். 1968இல் தலித் விவசாயக் கூலிகள் குடிசையோடு எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியை நினைக்காமல் அந்தப் பதிலைப் பார்க்க முடியாது. இந்த மண்ணில் அது பொய்யான பதிலே இல்லை. என்றாலும் எனக்கு நாவல்தான் மேல். பூமணியின் அப்பாவுக்கு அவ்வளவு பெரிய முன்கதை தேவைப்படவில்லை. காட்டில் கிழங்கைச் சுட்டுத் தோலை உரித்து மகனிடம் நீட்டுகிற மாதிரியான காரியங்களிலேயே அந்த மனிதர் முழுசாக இருக்கிறார். படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ‘வெக்கை’யை வாங்கிப் படித்துவிட்டு, இதில் சண்டையே இல்லையே என்று கேட்பதைக் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: மெதுவாகப் படியுங்கள், சோறு பொங்கும் பக்கங்களைத் தாண்டிப் போகாதீர்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்க’ளைத் தங்கர் பச்சான் ‘சொல்ல மறந்த கதை’யாக எடுத்தார், மாமனார் வீட்டில் மாப்பிள்ளை படும் அவமானத்தை அது விட்டுக்கொடுக்கவில்லை. கி. ராஜநாராயணனின் ‘கிடை’யை அம்ஷன் குமார் ‘ஒருத்தி’யாக எடுத்ததை இன்னும் நிறையப் பேர் பார்த்திருக்க வேண்டும். மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’பிலிருந்து வந்த ‘விசாரணை’யை ஒருமுறைக்கு மேல் பார்க்க என்னால் முடியவில்லை, புத்தகமும் அப்படித்தான். பாலு மகேந்திரா தொலைக்காட்சிக்காக வாரம் ஒரு சிறுகதையாக எடுத்த ‘கதை நேரம்’ ஒரு நல்ல நூலகம் செய்ய வேண்டிய வேலையைச் செய்தது. ‘பொன்னியின் செல்வன்’ படங்களை மணிரத்னம் எடுத்தபோது நாவலின் ஐந்து பாகங்கள் இரண்டு படங்களுக்குள் ஓட வேண்டியிருந்தது. கல்கி நடுவில் நிறுத்தி ‘நேயர்களே’ என்று நம்மைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கதை சொல்வாரே, அந்த ஆற அமரப் பேசும் குரலுக்கு அங்கே நேரமில்லை. ஆதித்த கரிகாலனின் காயத்தில் மணிரத்னம் போட்ட கோடு மட்டும் ஆழமானது.

‘மோக முள்’ளில் சிக்கல் இன்னும் நுட்பமானது. தி. ஜானகிராமன் சங்கீதத்தை எழுத்தில் பாட வைத்தார். நாவலில் வரும் சங்கீத குரு ரங்கண்ணா சுருதியைப் பற்றிப் பேசும்போது நமக்குக் கேட்பது அவரவர் காதில் இருக்கும் சுருதி. நான் கேட்டு வளர்ந்த குரல்கள் எனக்கு, உங்களுக்கு வேறு. 1995இல் ஞான ராஜசேகரன் படம் எடுத்தபோது அந்த இடத்தில் உண்மையான ஒரு பாட்டு ஒலித்தாக வேண்டியிருந்தது. இளையராஜா கொடுத்தார், நன்றாகவே கொடுத்தார். இருந்தும் ஒரு குறிப்பிட்ட பாட்டு ஒலித்த அந்தக் கணத்தில் என் காதில் இருந்த பாட்டு நின்றுபோனது. முகத்தை இழப்பதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னேன். ஒலியை இழப்பதில் வருத்தம் உண்டு. நெடுமுடி வேணு அந்த வருத்தத்தைப் பாதி தீர்த்தார். அவருடைய ரங்கண்ணா பாடாமல் இருக்கும்போதுகூட அவருக்குள் தம்புரா ஓடிக்கொண்டிருப்பது தெரியும்.

நாவல்களைவிடச் சிறுகதைகளே படத்துக்கு ஏற்றவை என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது வசந்தின் ‘சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்’ பார்த்தபோது. அசோகமித்திரன், ஆதவன், ஜெயமோகன் ஆகிய மூவரின் மூன்று கதைகள், மூன்று காலங்கள், மூன்று பெண்கள். சரஸ்வதி அடிக்கிற கணவனை ஒரு நாள் எதிர்த்து ஒரு சொல் சொல்லிவிடுகிறாள்; அதன்பின் அவன் அவளோடு பேசுவதில்லை. அடியைவிட அந்தப் பேசாமை அவளை எப்படி நொறுக்குகிறது என்பதை அசோகமித்திரன் சில பக்கங்களில் எழுதியிருக்கிறார். வசந்த் அந்தச் சில பக்கங்களை அவசரமில்லாமல் எடுத்தார். ஒண்டுக்குடித்தன அறை, ஸ்டவ், கைக்குழந்தை, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் காளீஸ்வரி சீனிவாசன். தேவகி கதையில் கூட்டுக்குடும்பம் முழுவதும் ஒரு டைரிக்காகப் படையெடுத்து நிற்கிறது. ஒரு பெண் ராத்திரியில் தனக்கென்று எதையோ எழுதிக்கொள்கிறாள் என்பதையே அந்த வீட்டால் தாங்க முடியவில்லை. நான் படித்த புத்தகங்களைப் பற்றி ஒரு நோட்டில் எழுதி வைப்பவள். அந்தக் காட்சியில் என் கை தானாகவே அந்த நோட்டைத் தேடியது. 2018இல் விழாவில் திரையிடப்பட்ட படம் பொதுமக்கள் கைக்கு 2021இல்தான் வந்தது. மூன்றாவது பெண்ணான சிவரஞ்சனியாக நடித்த லட்சுமி பிரியாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. திரையரங்கில் பெரிய கூட்டத்தோடு உட்கார்ந்து இதைப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லையே என்ற ஆதங்கம் இன்றும் இருக்கிறது.

இப்போது என் ஆசையைச் சொல்கிறேன். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ படமாக வேண்டும். சென்னையில் தண்ணீர் இல்லாத ஒரு காலம். தெருவே குடத்தோடு அலைகிறது. சினிமாவில் இடம் கிடைக்கும் என்று நம்பி வீணாகிக்கொண்டிருக்கும் ஜமுனா, கோபித்துக்கொள்ளும் தங்கை சாயா, எதிரே நோயாளிக் கணவனையும் மாமியாரையும் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய்வரும் டீச்சரம்மா. மிகச் சிறிய நாவல். 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது நான் அதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஒரு வரிகூடப் பழசாகியிருக்கவில்லை. எடுக்கப்போகிறவர் வறட்சியைக் காட்ட வெடித்த ஏரியை மேலிருந்து படம் பிடிக்க வேண்டாம். சாகலாம் என்று நினைக்கும் ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் கல்யாண வாழ்க்கையைச் சொல்கிற இடம் ஒன்று உண்டு. ஆறுதலே சொல்லாமல் ஆறுதல் தருகிற பேச்சு அது. என் பிரதியில் அந்தப் பக்கத்தின் ஓரம் முழுவதும் பென்சில் கோடுதான். பாதி எனக்கு முன்னால் வைத்திருந்தவர் போட்டது, பாதி நான் போட்டது. அதை எடுக்கத் துணிகிறவர் யாராக இருந்தாலும் அந்தப் பேச்சை வெட்டாமல், இசை சேர்க்காமல், இரண்டு பெண்கள் ஓர் அறையில் உட்கார்ந்திருப்பதாக மட்டும் எடுக்கட்டும். முதல் நாள் முதல் காட்சிக்கு நான் டிக்கெட் வாங்கிவிடுவேன்.